கொஞ்சம் வேலையை மிச்சம் வைத்த பரிசுகள்

ஏழு பேர் கூடுகிற வீட்டில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் பரிசு கொடுத்தால் 42 பொட்டலம் ஆகும். எனக்கு நெருக்கமான ஒரு குடும்பம் பல வருடங்களாக விடுமுறையை அப்படித்தான் கழித்தது. கூடம் முழுக்கக் கிழித்த காகிதம் கிடக்கும், யார் எதைக் கொடுத்தார்கள் என்பது மறுநாளே குழம்பிப்போகும். ஒரு வருடம் அந்த வீட்டு அம்மா இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். ஆளுக்கு ஒரே ஒரு பரிசு, அதுவும் வீட்டில் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்றார். எட்டு வயதுப் பையன் இன்னொரு நிபந்தனை சேர்த்தான்: "அதுல ஒரு விளையாட்டு இருக்கணும். இல்லன்னா போரடிக்கும்."

இந்த இரண்டாவது நிபந்தனைதான் இந்த நிகழ்வை எழுதி வைக்கத் தூண்டியது. கைவினை வகுப்புகள் நடத்துகிறவள் என்பதால் என்னிடம் அவ்வப்போது யோசனை கேட்டார்கள். ஏழு பரிசுகளும் உருவாவதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. மூன்று மாதம் கழித்து ஒவ்வொரு பரிசும் இப்போது எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்று விசாரித்தேன். கொடுத்த நாளில் கைதட்டல் வாங்கியவையும் மூன்று மாதம் கழித்துப் புழக்கத்தில் இருந்தவையும் ஒன்றாக இல்லை.

ஆட்களைப் பிள்ளைகள் கூப்பிடும் முறையிலேயே சொல்கிறேன்: பாட்டி, அப்பா, அம்மா, பதினான்கு வயது அக்கா, எட்டு வயதுத் தம்பி, விடுமுறைக்கு வந்து தங்கும் அத்தை (அப்பாவின் தங்கை), அத்தையின் கணவரான மாமா.

சீட்டு குலுக்கியது

யார் யாருக்குச் செய்வது என்பதைச் சீட்டு போட்டு முடிவு செய்தார்கள். பெயரெழுதிய சீட்டுகளைக் கிண்ணத்தில் போட்டு எடுத்தால் யாராவது ஒருவருக்கு அவருடைய பெயரே வந்துவிடுகிறது. முதல் குலுக்கலில் பாட்டிக்கு வந்தது, அடுத்ததில் மாமாவுக்கு. இதில் அதிர்ஷ்டக்கேடு எதுவும் கிடையாது, கணக்கே அப்படி. ஏழு சீட்டுகளை 5,040 விதமாகப் பங்கிடலாம். அதில் யாருக்கும் சொந்தப் பெயர் வராத விதங்கள் 1,854 மட்டுமே. அதாவது பத்துக்கு ஆறு தடவைக்கு மேல் குலுக்கல் வீணாகும். ஆட்கள் கூடினாலும் இந்த விகிதம் ஏறக்குறைய இதே அளவில்தான் நிற்கும்.

அக்கா வேறு வழி கண்டுபிடித்தாள். ஏழு அட்டைகளை எடுத்து, அட்டைக்கு ஒரு எண் வீதம், அதே எண்ணை மேல்பாதியில் ஒரு முறை, கீழ்பாதியில் ஒரு முறை எழுதினாள். அட்டைகளைக் கவிழ்த்துக் கலைத்து வரிசையாக அடுக்கினாள். எல்லாவற்றையும் நடுவில் குறுக்காக வெட்டி, கீழ்வரிசையை மட்டும் ஓரிடம் வலப்பக்கம் தள்ளினாள். கடைசித் துண்டு முதலிடத்துக்கு வந்தது. ஆளுக்கு ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டார்கள். மேல்துண்டில் இருப்பது எடுத்தவரின் எண், கீழ்த்துண்டில் இருப்பது அவர் பரிசு செய்ய வேண்டியவரின் எண். பிறகு சுவரில் ஒட்டிய தாளில் அவரவர் எண்ணுக்கு நேரே பெயரை எழுதினார்கள். யாருக்கும் சொந்த எண் வராது. யார் யாருக்குச் செய்கிறார்கள் என்பது அட்டைகளைக் கவிழ்த்து வைத்த அக்காவுக்கும் தெரியாது.

இந்த முறையில் இன்னொரு வசதியும் உண்டு. ஏழு பேரும் ஒரே சங்கிலியில் கோர்க்கப்படுவார்கள். அதனால் பரிசு பிரிக்கும் நாளில் ஒருவர் தொடங்கினால் போதும். பரிசு வாங்கியவர் எழுந்து தன் பரிசைக் கொடுப்பார், அதை வாங்கியவர் அடுத்து எழுவார், கடைசியில் தொடங்கியவர் கைக்கே ஒரு பரிசு வந்து சேரும். இங்கே சங்கிலி இப்படி அமைந்தது: அம்மா அக்காவுக்கு, அக்கா பாட்டிக்கு, பாட்டி தம்பிக்கு, தம்பி அப்பாவுக்கு, அப்பா அத்தைக்கு, அத்தை மாமாவுக்கு, மாமா அம்மாவுக்கு.

நேரம்

கையில் மூன்று வாரம்கூட இல்லை. இதைப் பற்றிக் கவலைப்பட்டவர் பாட்டி ஒருவர்தான்.

1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற உளவியலாளர்கள் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டு வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. சராசரியாக 34 நாள் என்றார்கள், உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. வீட்டுக் கைவேலையில் இது இன்னும் மோசம். கை வேலை செய்யும் நேரத்தைத்தான் எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள், பொருள் தானாகக் காய்ந்து இறுகும் நேரத்தை யாரும் சேர்ப்பதில்லை.

அத்தை முதலில் சோப்பு செய்ய ஆசைப்பட்டார். எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் கலந்து சூடேற்றாமல் செய்யும் சோப்பு அச்சிலிருந்து ஓரிரு நாளில் வந்துவிடும். ஆனால் நீர் வற்றி, கெட்டியாகி, தோலுக்கு இதமாக மாற நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டமான இடத்தில் கிடக்க வேண்டும். போதாக்குறைக்கு, எட்டு வயதுப் பையன் ஓடி விளையாடும் வீட்டில் காஸ்டிக் சோடாவைத் திறப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. அத்தை அன்று மாலையே சோப்பைக் கைவிட்டு நோட்டுப் புத்தகத்துக்கு மாறினார். மற்றவர்களுக்கும் இதே கணக்கைப் போட்டோம். பசை ஒட்டிய அட்டை, கனத்தின் கீழ் ஒரு ராத்திரி. வாசனை சேர்த்த சோயா மெழுகு, ஊற்றிய பிறகு ஒன்றிரண்டு வாரம். நீல அச்சுத் தாள் (வெயிலில் படம் பதியும் ரசாயனம் பூசிய தாள்) நேர் எதிர், அதை முன்கூட்டியே தயாரித்தால்தான் கெடும், கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன்பு செய்ய வேண்டும். இந்தக் காயும் நேரக் கணக்கைத் தேதியிட்டு எழுதியதும் யார் எதை எப்போது தொடங்குவது என்பது தானாக முடிவாகிவிட்டது.

நீல அச்சு: அம்மா அக்காவுக்கு

ஏழில் இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சயனோடைப் என்பது கேமரா இல்லாமல் வெயிலில் படம் பிடிக்கும் முறை. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த முறையில் அச்சிட்டுத் தொகுக்கத் தொடங்கினார். புகைப்படங்களால் ஆன முதல் புத்தகம் என்று அதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். வேண்டிய ரசாயனம் இரண்டே. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, பூசும் நேரத்தில் சம அளவு கலக்க வேண்டும். மங்கலான மஞ்சள் விளக்கில் தூரிகையால் தாளில் பூசி, இருட்டில் காயவிட்டால் தாள் தயார். மேலே இலையோ சாவியோ வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலமாகவும் மறைந்த இடம் வெள்ளையாகவும் நிற்கும். கையுறை போட வேண்டும், சமையல் பாத்திரத்தைத் தொடக் கூடாது. ஃபெரிசயனைடைச் சாதாரணமாகக் கையாள்வதில் பெரிய அபாயம் இல்லை. வலுவான அமிலத்தோடு சேர்த்தாலோ கடுமையாகச் சூடேற்றினாலோ நச்சு வாயு வரும். குளியலறை கழுவும் அமிலம் இருக்கும் இடத்தில் இந்த வேலை கூடாது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அம்மாவின் முதல் யோசனை நான்கைந்து அழகான படங்களை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுப்பது. செய்தும் பார்த்தார், நன்றாகத்தான் வந்தது. அப்புறம் தம்பியின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. சுவரில் மாட்டும் படத்தில் விளையாட்டு எங்கே? அச்சிட்ட படங்களை எடுத்து வைத்துவிட்டு, பூசிய தாள்களை அச்சிடாமலேயே கொடுக்கத் தீர்மானித்தார். பன்னிரண்டு தாள்களைக் கருப்புக் காகித உறைக்குள் போட்டு, அதை இன்னொரு கருப்பு உறைக்குள் போட்டு, மேலே ஒட்டினார்: "வெளிச்சத்தில் திறந்தால் பரிசு காணாமல் போகும்." கூடவே ஒரு கண்ணாடிச் சட்டம், நான்கு துணி கிளிப், ஒரே பக்கச் செய்முறைக் குறிப்பு.

இதில் ஒரு நுணுக்கம். பன்னிரண்டில் மூன்று தாள்களுக்கு ஏற்கெனவே பாதி வெயில் காட்டியிருந்தார். தாளில் அக்காவின் சிறுவயது மழைக்காலணியின் நிழலை மட்டும் ஓரத்தில் பதித்து, அலசாமல் அப்படியே இருட்டுக்குள் வைத்துவிட்டார். அந்த ஓரத்தை ஒரு அட்டைத்துண்டால் மூடி, மீதி இடத்தில் உன் பொருளை வைத்து அச்சிடு என்று குறிப்பில் எழுதியிருந்தார். தண்ணீரில் அலசும்போதுதான் அக்காவின் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிக் காலணி தெளிவாகத் தெரியும்.

பரிசு கொடுத்த நாளில் இதற்குக் கைதட்டல் குறைவு. கருப்பு உறையைப் பார்த்து யார் என்ன சொல்வது? மறுநாள் காலை பத்து மணிக்கு வீடே மொட்டை மாடியில் நின்றது. வெயில் உச்சத்தில் இருந்தால் சில நிமிடமே போதும், மேகமூட்டத்தில் அரை மணி நேரம்கூட ஆகலாம். தாள் மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரில் இட்டதும் வெளிறித் தெரிந்த நீலம், காயக் காய ஆழமாகிறது. இரும்புச் சேர்மம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும் வேலை அது. முதல் தாளைப் பார்த்து "கெட்டுப்போச்சு" என்று முகம் சுருங்கிய அக்கா, மறுநாள் காலையில் அதைப் பார்த்துவிட்டு மீதித் தாள்களை யாருக்கும் தர மாட்டேன் என்று ஒளித்துவைத்தாளாம்.

மூன்று மாதம் கழித்து: தாள் தீர்ந்து, அக்கா தானே ரசாயனம் கலக்கக் கற்றுக்கொண்டிருந்தாள், அம்மா பக்கத்தில் நிற்க.

அத்தைக்கு வந்த மெழுகுவத்தி

அப்பா செய்ததுதான் பார்க்க மிக அழகு. தடித்த கண்ணாடிக் குவளையில் மூன்று அடுக்கு, மூன்று நிறம். ஓர் அடுக்கின் மேற்பரப்பு இறுகியும் அடியில் இளஞ்சூடு மிச்சமிருக்கும் நேரம் பார்த்து அடுத்ததை ஊற்றினால்தான் அடுக்குகள் பிரியாமல் ஒட்டும். அவர் அதற்காகவே வெப்பமானியோடு உட்கார்ந்திருந்தார். மெழுகை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினார். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடிப் போட்டு அணைக்க வேண்டும் என்பதை எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியும் வைத்தார். வாசனை எண்ணெய் மெழுகின் எடையில் எட்டு சதவீதம். பொதுவாக ஆறிலிருந்து பத்துக்குள் வைப்பார்கள்.

விளையாட்டும் இருந்தது. அடி அடுக்குக்கு அவர் சாயம் சேர்க்கவில்லை. குவளையின் அடிப்புறத்தில், வெளியிலிருந்து, உள்நோக்கிப் படிக்கும்படி ஒரு சீட்டு ஒட்டி அதன் பின்பக்கத்தை மறைத்துவிட்டார். கெட்டியாக இருக்கும்போது மெழுகு வெண்மை, உருகினால் கண்ணாடிபோலத் தெளிவு. மெழுகுவத்தி கிட்டத்தட்ட முழுதும் எரிந்து கடைசி மெல்லிய படலம் உருகும்போது எழுத்து தெரியும். சீட்டு வெளியில் இருப்பதால் தீ நேரடியாகப் படாது. கைவினைக்காரியாக எனக்குப் பொறாமை வந்த யோசனை இது.

அத்தை அதைக் கொளுத்தவே இல்லை. "அண்ணன் இவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்சது, எரிச்சா கரைஞ்சு போயிடுமே" என்றார். கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார், தூசு துடைக்கிறார். உள்ளே செய்தி இருப்பது அவருக்குத் தெரியாது. அப்பா சொல்லவும் மறுக்கிறார், சொன்னால் விளையாட்டு போய்விடும் என்கிறார்.

கிறிஸ்டோஃப் ஃபூக்ஸ், மார்ட்டின் ஷ்ரையர், ஸ்டைன் வான் ஓசலார் மூவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கையால் செய்த பொருளில் செய்தவரின் அன்பு கலந்திருப்பதாக மக்கள் உணர்கிறார்கள், அதனால் அன்புக்குரியவருக்குக் கொடுக்க அதை விரும்புகிறார்கள் என்பது அதன் சாரம். கொடுப்பவர் பக்கம் இது நல்ல செய்தி. வாங்குபவர் பக்கம் இதற்கு ஒரு விலை இருக்கிறது: அன்பு கலந்த பொருளை எரிக்கவோ தேய்க்கவோ கிழிக்கவோ கை வராது. தீர்ந்துபோகும் பொருளைப் பரிசாகச் செய்கிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இரண்டாகச் செய்து, ஒன்று வைத்துக்கொள்ள, ஒன்று எரிக்க என்று அப்பா கொடுத்திருந்தால் அந்தச் சீட்டு இந்நேரம் படிக்கப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

மற்ற ஐந்தும்

அக்கா பாட்டிக்கு ஜிக்சா புதிர் செய்தாள். ஜிக்சாவின் தொடக்கமும் கைவேலைதான். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகளின்படி அறுத்து, புவியியல் பாடத்துக்காக விற்றார். அக்கா ஒரு பழைய குடும்பப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து 2 மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டினாள். வெள்ளைப் பசையின் ஈரத்தில் அட்டை ஒரு பக்கமாக வளையும். பின்பக்கமும் அதே அளவு காகிதம் ஒட்டினால் இரு பக்க இழுப்பும் சமமாகி நேராக நிற்கும். அந்தப் பின்பக்கக் காகிதத்தில் ஒரு கடிதம் எழுதினாள். கட்டரால் கையில் வெட்டும்போது குமிழ் வடிவம் கொண்டுவருவது பெரும்பாடு, அதனால் அலைக்கோடுகளாக வெட்டி 24 பெரிய துண்டுகள் ஆக்கினாள். துண்டுகள் நழுவாமலிருக்க அட்டைத்தட்டு ஒன்றும் உண்டு. படம் முழுதும் சேர்ந்த பிறகு மேலே இன்னொரு அட்டை வைத்து, அப்படியே கவிழ்த்தால் கடிதத்தைப் படிக்கலாம். பாட்டி கடிதத்தை முதல் நாளே படித்துவிட்டார். ஆனாலும் வாராவாரம் பேரனை உட்காரவைத்துப் படத்தை மறுபடி சேர்க்கிறார். படத்தில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல அது ஒரு சாக்கு.

பாட்டி தம்பிக்குத் தைத்தது தேடல் பை. துணிப்பையின் ஒரு பக்கம் சிறு ஜன்னல், பழைய பிளாஸ்டிக் கோப்பு உறையிலிருந்து வெட்டியது. பை நிறைய மணிகள், பொத்தான்கள். அவற்றுக்குள் இருபது சின்னப் பொருட்கள்: சாவி, டைஸ், பேனா மூடி, பொம்மைக் காரின் சக்கரம். பையைக் குலுக்கிக் குலுக்கி ஜன்னல் வழியே ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பிளாஸ்டிக்கில் நெருக்கமாகத் தைத்தால் ஊசித்துளை வழியே கிழிந்துவிடும். பாட்டி அகலமான தையலாகப் போட்டு, விளிம்பைத் துணிப்பட்டிக்குள் மடித்துப் பின்தையலால் இருமுறை ஓட்டினார். மூன்று வயதுக்குக் கீழான குழந்தை இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது, தையல் விட்டால் மணியை விழுங்கிவிடும். பையோடு கொடுத்த பட்டியலில் பத்தொன்பது படங்கள்தான் வரைந்திருந்தார். இருபதாவது கட்டம் காலி. அதில் என்ன வரைய வேண்டும் என்பதைப் பையன்தான் கண்டுபிடிக்க வேண்டும். "பாட்டி, க்ளூ மட்டும் சொல்லுங்க" என்று அவன் கெஞ்சியதும், "நீயே பாரு கண்ணா" என்று அவர் நழுவியதும் பல வாரம் ஓடியது.

தம்பி அப்பாவுக்குச் செய்தது கூப்பன் புத்தகம். இந்த வகைப் பரிசின் தலையெழுத்து எல்லோருக்கும் தெரியும், மேசை இழுப்பறையில் போய்ச் சேரும். சூசன் ஷூவும் அயலெட் க்னீசியும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரக் கெடு போட்ட பரிசுச் சீட்டை விட இரண்டு மாதக் கெடு போட்டதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. அவகாசம் கூடினால் இன்பமான காரியத்தையும் தள்ளிப்போடுகிறோம். இதைச் சொன்னதும் தம்பி ஒவ்வொரு கூப்பனிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதியை எழுதி, அந்தத் தேதிக்குள் என்று அடிக்கோடிட்டுவிட்டான். கூப்பன்களில் பாதி அவனுடைய சொந்த நலன்தான்: "அப்பா ஒரு மணி நேரம் போன் தொடாமல் என்னோடு கேரம் ஆடலாம்." எட்டில் ஏழு செலவாகிவிட்டன. "காலை ஆறு மணிக்கு உங்களுடன் நடக்க வருவேன்" மட்டும் காலாவதி.

அத்தை மாமாவுக்கு நோட்டுப் புத்தகம் கட்டினார். தாளுக்கு இழையோட்டம் உண்டு, மடிப்பு அதே திசையில் இருந்தால் புத்தகம் தட்டையாகத் திறக்கும். கடையில் வரும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், அதைப் பாதியாக மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும். பெரிய தாளாக வாங்கி, இழை பார்த்து வெட்டச் சொன்னேன். மடித்த தாள்களை மூன்று துளையிட்டு மெழுகு தடவிய நூலால் தைத்தார். விளையாட்டு எங்கே என்றால், ஒவ்வொரு வலப்பக்கத்திலும் முதல் வரியை அத்தையே எழுதியிருந்தார், முடிக்காமல். "நாம் முதல் முறை சண்டை போட்டது..." "உன் தம்பியைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது..." மாமா மீதியை எழுத வேண்டும். அதிகம் பேசாத மனிதர். முப்பது பக்கத்தில் பதினேழு நிரம்பியிருக்கிறது, அத்தை சில பக்கங்களின் கீழே பதிலும் எழுதியிருக்கிறார். எனக்குக் காட்டியது அட்டையை மட்டும்தான்.

மாமா அம்மாவுக்குச் செய்ததுதான் கவலைக்கிடம். பொறியாளர் மூளை. கைப்பிடியைச் சுற்றினால் அட்டைப் பறவை சிறகடிக்கும் இயந்திர பொம்மையை, துண்டுகளாகவே பெட்டியில் போட்டு, "நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்" என்று கொடுத்தார். அச்சில் மையம் விலகப் பொருத்திய முட்டை வடிவச் சக்கரம் சுற்றும்போது, அதன்மேல் உட்கார்ந்த குச்சி ஏறி இறங்கும் என்பதே இயக்கம். ஐம்பதுக்கு மேற்பட்ட துண்டுகள். துண்டுகளில் எண் இருந்தது, வழிமுறை தாள் இல்லை, படத்தைப் பார்த்தாலே புரியும் என்று நினைத்துவிட்டார். அலையட்டையின் விளிம்பு மெலிந்து நசுங்கியதால் சக்கரம் வழுக்கியது. அம்மா இரண்டு மாலை முயன்று, பெட்டியை மூடி, "அண்ணா, அடுத்த தடவை வரும்போது நீங்களே சேர்த்துக் கொடுங்க" என்று சிரித்துச் சமாளித்தார்.

மேலுறை

உறைக்கும் புதுத்தாள் வாங்கவில்லை. சிலர் துணியில் முடிந்தார்கள். ஜப்பானில் ஃபுரோஷிகி என்று பழைய வழக்கம் இருக்கிறது. 2006-இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே கழிவைக் குறைக்க அதையே பரப்பினார். பொருள், சதுரத் துணியின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் முடிச்சு சரியாக விழும். அக்கா வெள்ளை மெழுகுக் கிரேயானால் வெள்ளைத் தாளில் பெயர் எழுதி உறையில் ஒட்டினாள். நீர்வண்ணம் தடவினால்தான் மெழுகு தள்ளிய இடத்தில் எழுத்து தெரியும். பாட்டி தூரிகையைக் கையில் எடுத்து வெகு நாளாயிற்றாம்.

தம்பி கட்டியது கோணல்மாணல். அம்மா பிரித்துக் கட்டப் போனதை நான்தான் தடுத்தேன். ரிக்சம் என்ற ஆய்வாளர் உள்ளிட்ட மூவரின் ஆய்வொன்று இதைச் சோதித்திருக்கிறது. நெருங்கியவர்களுக்குள் அலங்கோலமாகச் சுற்றிய பரிசு எதிர்பார்ப்பைத் தாழ்த்துகிறது, அதனால் உள்ளே இருப்பது கூடுதலாகப் பிடித்துப்போகிறது. அதிகம் பழகாதவருக்குக் கொடுக்கும்போதுதான் இந்த ஆதாயம் கிடைப்பதில்லை.

எது நின்றது, ஏன்

மூன்று மாதம் கழித்துப் புழக்கத்தில் இருந்தவை நீல அச்சு, புதிர், தேடல் பை, கூப்பன், நோட்டு. அலமாரியில் மெழுகுவத்தி, பரணில் பறவைப் பெட்டி. புழக்கத்தில் இருந்த ஐந்திலும் செய்தவர் வேண்டுமென்றே ஒரு பங்கை முடிக்காமல் விட்டிருந்தார்: அச்சிடாத தாள், சேர்க்காத படம், காலிக் கட்டம், செலவழிக்காத தேதி, முடியாத வரி.

மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோசோன், டான் ஏரியலி மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. பெட்டி, காகித மடிப்பு, லெகோ இவற்றைத் தாங்களே சேர்த்தவர்கள், அதே பொருளை ஆயத்தமாகப் பெற்றவர்களைவிட அதிகம் மதித்தார்கள். ஒரு அறைகலன் நிறுவனத்தின் பெயரால் அதை ஐகியா விளைவு என்கிறார்கள். அந்த ஆய்வின் இன்னொரு பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: சேர்த்து முடிக்க முடியாதவர்களிடமும், சேர்த்ததைப் பிரித்துப் போட வைக்கப்பட்டவர்களிடமும் அந்தக் கூடுதல் மதிப்பு காணாமல் போனது. பறவைப் பெட்டி பரணுக்குப் போனது அதனால்தான். மிச்சம் வைத்த வேலை முடியக்கூடியதாக இருக்க வேண்டும், அதன் முதல் படியாவது அன்றே முடிய வேண்டும். பாட்டியின் பட்டியலில் பத்தொன்பது பொருட்களைப் பையன் முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டான், இருபதாவதுக்குத்தான் வாரங்கள்.

மெழுகுவத்தி இந்த வகையில் சேராத தோல்வி. அதில் வாங்குபவருக்கு வேலை இருந்தது, ஆனால் அது அழிக்கும் வேலை. அத்தோடு, உள்ளே விளையாட்டு இருக்கிறது என்ற தகவலே வாங்குபவரிடம் போய்ச் சேரவில்லை. ரகசியம் இருப்பதைச் சொல்லிவிட்டு, ரகசியம் என்ன என்பதை மட்டும் மறைப்பதே பாட்டி செய்த சாமர்த்தியம்.

பெரியவர்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது: நேரமில்லாதவர், கை வராதவர் என்ன செய்வது? என் பதில், இந்த ஏழிலும் குறைந்த கைத்திறன் கேட்டது கூப்பன் புத்தகம், அடுத்து நோட்டு. நோட்டைத் தைக்கத் தெரியாவிட்டால் கடையில் வாங்கிய நோட்டில் முதல் வரிகளை மட்டும் எழுதலாம். அந்த வரிகளைக் கடையில் வாங்க முடியாது.

அடுத்த விடுமுறைக்கான விதிகளைக் குடும்பம் இப்போதே எழுதி வைத்திருக்கிறது. சீட்டு எட்டு வாரம் முன்பே எடுப்பார்கள், அத்தைக்குச் சோப்பு ஆசை இன்னும் போகவில்லை. தீர்ந்துபோகும் பொருள் என்றால் இரண்டாகச் செய்ய வேண்டும். சேர்த்துக்கொள்ளும் பரிசு என்றால் கொடுப்பதற்கு முன்பு வேறொருவர் கையில் கொடுத்து, வாய்திறந்து உதவாமல் ஒரு தடவை சேர்க்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விதியை மாமாவே முன்மொழிந்தார். பறவைக்கு இரட்டை அட்டையில் புதுச் சக்கரமும் நான்கு பக்க வழிமுறையும் தயாராகிவிட்டன, சோதனைக்குத் தம்பியை அமர்த்தியிருக்கிறார், சம்பளமாக அவனுக்குத் தேதி போட்ட கூப்பன்.